வீட்டிலேயே ஷாம்பூ கட்டி: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஷாம்பூ கட்டி செய்ய நினைப்பவர்களும், செய்து பார்த்துவிட்டு "முடி ஏன் இப்படிப் பிசுபிசுக்கிறது?" என்று தலையைத் தடவிக்கொண்டு வருபவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டை முடியா, நேர் முடியா என்று பார்த்துக் கட்டியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கட்டிக்கு வேலை உச்சந்தலைத் தோலில். அது எண்ணெய் வழிகிற தோலா, வறண்ட தோலா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நுனிமுடியைக் கவனித்துக்கொள்ள எண்ணெயும் கண்டிஷனரும் இருக்கின்றன.

ஷாம்பூ கட்டியும் சோப்பும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு. எண்ணெயோடு காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் கிடைப்பது சோப்பு. அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 9 முதல் 10 வரை இருக்கும், அதாவது நல்ல காரம். நம் தலைத்தோலின் பிஎச் 5.5-ஐ ஒட்டியது, முடித்தண்டு அதைவிட அமிலத் தன்மை கொண்டது. காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் விரிந்துகொள்ளும். ஒரு முடி இன்னொரு முடியோடு உரசும், சிக்கு விழும், பளபளப்பு போகும்.

இன்னொரு வகையில் சோப்பே இருக்காது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்து தயாராகும் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்ற வெள்ளைத் தூள்தான் அதன் அடிப்படை. நீளமான பெயராக இருப்பதால் எல்லாரும் எஸ்சிஐ என்கிறார்கள். இதில் செய்த கட்டியின் பிஎச்சை 5.5 முதல் 6 வரை கொண்டுவந்துவிடலாம். கடையில் நல்ல விலைக்கு விற்கும் ஷாம்பூ கட்டிகளில் பலவும் இந்த வகைதான். கீழே நான் "கட்டி" என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

காஸ்டிக் சோடா போட்டுச் செய்வது இயற்கையானது, எஸ்சிஐ ரசாயனம் என்கிறார்களே?

காஸ்டிக் சோடா மரத்தில் காய்க்கவில்லையே! இரண்டும் தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன. ஆனால் ஆபத்தில் இரண்டும் சமம் இல்லை. காஸ்டிக் சோடா தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தண்ணீரில் கரையும்போது கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தை அரித்து, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சின்னக் குழந்தைகள் ஓடித் திரியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

செய்துதான் தீருவேன் என்பவர்களுக்கு: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஜன்னல் திறந்த அறை, எவர்சில்வர் பாத்திரம் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு எண்ணெய் அளவு மாறும். 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 18.3 கிராம் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்குச் சுமார் 12.8 கிராம் போதும். வழக்கமாக 5 சதவீதம் குறைத்துப் போடுவார்கள், அப்போதுதான் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நிற்கும். அதன்படி தேங்காய் எண்ணெய்க்கு 17.4 கிராம். பிறகு 4 முதல் 6 வாரம் காய வேண்டும். மேலே பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். காடி (வினிகர்) ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 995-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

எண்ணெய் வகைகளுக்குத் தேக்காவும் சிராங்கூன் சாலையும் போதும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் அங்கே எந்த மளிகைக் கடையிலும் உண்டு. சிட்ரிக் அமிலம் கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எஸ்சிஐ, பீட்டைன் (நுரைக்கு உதவும் திரவம்), சீட்டைல் ஆல்கஹால், பாதுகாப்புப் பொருள் (பூஞ்சை பிடிக்காமல் தடுப்பது) ஆகியவற்றை அழகுசாதன மூலப்பொருள் விற்கும் இணையக் கடைகளில்தான் தேட வேண்டும். சீட்டைல் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துச் சிலர் தயங்குவார்கள். அது சாராயம் இல்லை, மெழுகு மாதிரி வெள்ளைச் செதில்.

0.1 கிராம்வரை காட்டும் சின்னத் தராசு அவசியம். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. அச்சுக்கு ஒரு யோசனை: நடு இலையுதிர்கால விழா நேரத்தில் விற்கும், மேலிருந்து அழுத்துகிற மூன்கேக் அச்சு இதற்கு அருமையாகப் பொருந்தும். கட்டி அழகாக, இறுக்கமாக வரும். ஆனால் அதற்கப்புறம் அந்த அச்சில் பலகாரம் செய்யாதீர்கள்.

சரி, அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

100 கிராம் கலவைக்கு:

எஸ்சிஐ தூள் 60 கிராம்
கோகமிடோபுரோப்பைல் பீட்டைன் (திரவம்) 15 கிராம்
சீட்டைல் ஆல்கஹால் 7 கிராம்
ஸ்டீரிக் அமிலம் (கட்டியை இறுக்கும் மெழுகு போன்ற கொழுப்பமிலம்) 5 கிராம்
எண்ணெய் 3 கிராம்
காய்ச்சி வடித்த தண்ணீர் 5 கிராம்
பான்தெனால் (வைட்டமின் பி5 வகை) 2 கிராம்
பினாக்சிஎத்தனால் கலந்த பாதுகாப்புப் பொருள் 1 கிராம்
வாசனை எண்ணெய் 1 கிராம்
சிட்ரிக் அமிலக் கரைசல் 1 கிராம் (தேவைப்பட்டால் மட்டும்)

முதலில் முகக்கவசம் போடுங்கள். எஸ்சிஐ தூள் காற்றில் எழும்பினால் மூக்கும் தொண்டையும் எரியும், இருமல் நிற்காது. மின்விசிறியை அணைத்துவிட்டு, தூளை மெதுவாகக் கொட்டி எடைபோடுங்கள்.

ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதன் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, எஸ்சிஐ, பீட்டைன், தண்ணீர் மூன்றையும் போட்டு மூடுங்கள். இன்னொரு சின்னக் கிண்ணத்தில் சீட்டைல், ஸ்டீரிக், எண்ணெய் மூன்றையும் உருக்குங்கள். எஸ்சிஐ வெண்ணெய்போலச் சட்டென்று உருகாது. பத்து நிமிடத்தில் ஓரம் மட்டும் இளகி, நடுவில் தூளாகவே நிற்கும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள், கட்டி கடைசிவரை இறுகாது. கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்கி அமுக்கித் திருப்பிக்கொண்டே இருந்தால், அரை மணி நேரத்துக்குள் வெள்ளை நிறம் கொஞ்சம் மங்கி, பசைபோல ஒட்ட ஆரம்பிக்கும். அப்போது உருகிய மெழுகுக் கலவையை ஊற்றிக் கிளறுங்கள். அடித்துக் கிளறினால் நுரை ஏறிவிடும், மடக்கி மடக்கிக் கிளற வேண்டும்.

அடுப்பிலிருந்து இறக்கிக் கை தாங்கும் சூட்டுக்கு, அதாவது 45 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் பான்தெனால், பாதுகாப்புப் பொருள், வாசனை எண்ணெய் சேர்த்துக் கையுறை போட்ட கையால் பிசையுங்கள். இடியாப்ப மாவு பதம் வர வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலில் ஈஷக் கூடாது. உடனே அச்சில் அழுத்துங்கள். ஆறிவிட்டால் உதிரும். உதிர்ந்தால் மறுபடி கொஞ்சம் சூடு காட்டிப் பிசைந்தால் போதும், வீணாகாது.

குளிரூட்டி ஓடும் அறையில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால் பயன்படுத்தலாம். துணி காயப்போடும் இடத்தில் வைக்காதீர்கள். நவம்பர், டிசம்பர் மழையில் துணியே காயாத ஊர் இது.

பிஎச் பார்ப்பது எப்படி?

பிசையும்போதே கலவையிலிருந்து 1 கிராம் எடுத்து 9 கிராம் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரையுங்கள். பிஎச் தாளை நனைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். 6-க்கு மேல் போனால் அப்போதே சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். 5-க்குக் கீழே இறக்கினால் எஸ்சிஐ மெல்லச் சிதைய ஆரம்பிக்கும். ஆகவே 5.5-லிருந்து 6-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் பொருள் இல்லாமல் செய்ய முடியாதா?

ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ஊரில், தினமும் நனையும் பொருளுக்கு அது வேண்டும். வைட்டமின் ஈ பூஞ்சையைத் தடுக்காது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பினாக்சிஎத்தனாலை 100 கிராமுக்கு 1 கிராமுக்கு மேல் போட வேண்டாம்.

என் முடிக்கு எந்த மாற்றம் செய்வது?

தலைக்குக் குளித்த இரண்டாம் நாள் காலையில் உச்சந்தலையை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் பளபளத்தால் எண்ணெய்த் தலை. தலைக்கவசம் போட்டு வெயிலில் வேலை செய்கிறவர்கள், தேசிய சேவையில் இருக்கும் பையன்கள், நாள் முழுக்கத் தலைத்துணி அணியும் பெண்கள் பலருக்கு வியர்வையும் சேர்ந்துகொள்ளும். இவர்கள் எண்ணெயை 3 கிராமிலிருந்து 1 கிராமாகக் குறைத்து, அந்த 2 கிராமுக்குக் கேயோலின் களிமண் போடலாம். சிலர் 10 கிராம்வரை களிமண் போடச் சொல்கிறார்கள். அது முடியைச் சொரசொரப்பாக்கிவிடும்.

தலைத்தோல் இறுகி, அரிப்பெடுத்து, பொடிப் பொடியாக உதிர்கிறதா? நாள் முழுக்கக் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருப்பவர்களிடம் இது அதிகம். எஸ்சிஐயை 56 கிராமாகக் குறைத்து, சீட்டைலை 9 கிராமாகவும் எண்ணெயை 5 கிராமாகவும் கூட்டுங்கள். நுரை கொஞ்சம் குறையும், குறையட்டும். தலைக்குக் குளிப்பதையும் வாரம் இரண்டு மூன்று முறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மெல்லிய முடிக்காரர்கள் சீட்டைலைக் கூட்டவே வேண்டாம். முடி படிந்துபோய், இருக்கிறதைவிடக் குறைவாகத் தெரியும். நரைத்த முடி பெரும்பாலும் விறைப்பாக இருப்பதால் வறண்ட தலைக்குச் சொன்ன அளவே அதற்கும் சரிப்படும்.

சுருட்டை முடிக்கு?

சுருட்டை முடியில் தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்காது. அதனால் வேர் எண்ணெயாகவும் நுனி வறண்டும் இருப்பது சகஜம். கட்டியை இரண்டுக்கும் பொதுவாகச் செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும். வேருக்கேற்ற கட்டி, நுனிக்குக் குளிப்பதற்கு அரை மணி முன்பு தேங்காய் எண்ணெய், குளித்த பிறகு கண்டிஷனர். தேங்காய் எண்ணெயை நான் அடம்பிடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அது முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. கனிம எண்ணெய் மேலேயேதான் நிற்கும்.

இங்குள்ள ஈரப்பதத்தில் சுருட்டை முடி பம்மென்று எழும்புவது கட்டியின் குற்றம் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை முடி உறிஞ்சி வீங்குகிறது. கண்டிஷனரை முழுவதும் அலசி எடுக்காமல் லேசாக விட்டுவைத்தால் கொஞ்சம் அடங்கும். எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போவதற்குள் மறுபடி எழும்பும். அதோடு சமாதானமாகிவிடுங்கள்.

ரிபாண்டிங் செய்த (ரசாயனத்தால் நேராக்கிய) முடி, சாயம் போட்ட முடி, மருதாணி?

மூன்றுக்கும் எஸ்சிஐ கட்டி மட்டும்தான். சோப்பு வகையைத் தொடவே வேண்டாம். காரம் செதில்களைத் திறந்துவிட்டால் சாயம் தண்ணீரோடு போய்விடும். மருதாணி போட்ட அன்றைக்கு வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கட்டி போடுங்கள், நிறம் நன்றாகப் பிடிக்கும். ரிபாண்டிங் செய்தவர்கள் முடிதிருத்தகம் சொன்ன நாள்வரை தலையை நனைக்காமல் இருப்பது முக்கியம்.

பொடுகுக்கு வேப்பெண்ணெய்க் கட்டி செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பொடுகு போகும் என்று நம்பிச் செய்யாதீர்கள். பொடுகுக்குப் பின்னால் மலாசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. எல்லார் தலையிலும் அது உண்டு. எண்ணெய்ப்பசையில் உள்ள கொழுப்பமிலங்கள்தான் அதற்குத் தீனி. பொடுகு இருக்கிறதென்று பாட்டி எண்ணெய் தடவுவார், மேலே அப்பிய எண்ணெயில் செதில் படிந்து இரண்டு நாள் கண்ணுக்குத் தெரியாது, மூன்றாம் நாள் இன்னும் அதிகமாகும். பொடுகுத் தலைக்கு எண்ணெய் குறைந்த கட்டி போதும். கூடவே மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவை மருந்தாளர் சொல்கிறபடி பயன்படுத்துங்கள். மஞ்சள் பக்கு, ரத்தக் கசிவு, வட்ட வட்டமாக முடி கொட்டுவது இருந்தால் கட்டி, களிம்பு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

சீயக்காய், செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணி எல்லாம் கட்டியில் சேர்க்கலாமா?

நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. சீயக்காயில் அழுக்கை எடுப்பது சபோனின் என்ற பொருள். அரப்பு, பூந்திக்கொட்டை இரண்டிலும் அதேதான். அது வேலை செய்ய ஒரு பிடி தூளாவது வேண்டும். 100 கிராம் கட்டியில் 2 கிராம் சீயக்காய் போட்டால் நிறம் வரும், பெயர் வரும், வேறொன்றும் வராது. அதிகம் போட்டால் கட்டி உதிரும், துகள் முடிக்குள் தங்கும், குளியலறை ஓடுகளுக்கு நடுவில் பழுப்புக் கறை படியும். ஆசைக்குச் சேர்ப்பதானால் துணியில் சலித்த மாவாக 2 கிராமோடு நிறுத்துங்கள்.

செம்பருத்தி இலை, ஊறவைத்த வெந்தயம் போன்ற பச்சைப் பொருளைக் கட்டியில் அரைத்து ஊற்றவே கூடாது. பாதுகாப்புப் பொருள் இருந்தாலும் தாங்காது. நான்கு நாளில் புளித்த வாடை, பிறகு கரும்புள்ளி. அவற்றின் வழவழப்பு முடிக்கு நல்லதுதான், அதை மறுக்கவில்லை. அரைத்து, குளிப்பதற்கு முன் தலையில் பூசி, அலசிவிட்டுக் கட்டியைப் போடுங்கள். சீயக்காய் பிடித்தவர்கள் சீயக்காயையே கரைத்துத் தேய்க்கலாமே, அதைக் கட்டிக்குள் அடைத்துத்தான் ஆக வேண்டுமா?

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு இந்தக் கட்டி எண்ணெயை எடுக்குமா?

எடுக்கும், ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணெய் சொட்டும் தலையில் முதலில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கட்டியை நனைத்துக் கையில் கெட்டியாக நுரை எடுத்து, அப்படியே எண்ணெய்த் தலையில் தேய்த்து, அப்புறம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். பால்போல வெள்ளையாக இறங்கும். அலசிவிட்டு இன்னொரு முறை போட்டால் போதும். என்னைக் கேட்டால் அந்த ஒரு நாளாவது அரப்போ சீயக்காயோ தேய்க்கலாம். நல்லெண்ணெயை முழுவதும் உரிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைப்பதில் அவற்றுக்கு நிகர் இல்லை. அந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும் என்பது சிறு வயதிலேயே நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கட்டியைத் தலையில் நேராகத் தேய்க்கலாமா?

குட்டை முடிக்காரர்கள் தேய்க்கலாம். நீள முடியில் கட்டியை மேலும் கீழும் இழுத்தால் சிக்கு விழும். நன்றாக நனைத்த தலையில் வகிடு வகிடாகப் பிரித்து, வேரில் மட்டும் நான்கைந்து இடத்தில் தேயுங்கள். பிறகு விரல் நுனியால் பிசையுங்கள், நகம் வேண்டாம். வழிகிற நுரையே நுனிக்குப் போதும்.

போட்ட பிறகு முடி மெழுகு பூசியது போல இருக்கிறது. நச்சு வெளியேறுகிறதா?

இல்லை. முடியில் வெளியேற நச்சு எதுவும் தேங்கிக் கிடக்கவில்லை. நீங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் சோப்பு வகைக் கட்டியாக இருக்கும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாக முடியில் ஒட்டுகிறது. தமிழ்நாட்டு ஆழ்துளைக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதனால் இங்கே கொஞ்சம் குறைவு. விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கமோ ராமநாதபுரமோ அதே கட்டியை எடுத்துப் போனால் வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி காடி கலந்து கடைசியில் அலசினால் படிவம் இளகும். "ஒரு மாதம் பொறுங்கள், பழகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் பொறுக்காதீர்கள், கட்டியை மாற்றுங்கள்.

எஸ்சிஐ கட்டியிலும் அப்படித் தோன்றினால் எண்ணெயும் சீட்டைலும் உங்கள் தலைக்கு அதிகம் என்று அர்த்தம்.

சிங்கப்பூர்த் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறது என்கிறார்கள். கட்டி மாற்றினால் நிற்குமா?

வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்தவர்கள் எல்லாரும் சொல்வது இது. பழியைத் தண்ணீர்மேல் போடுவதற்கு முன் காலத்தைக் கணக்குப் பாருங்கள். கடும் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக்குறைவு, பெரிய மன உளைச்சல் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். உடல் அதிர்ச்சியடைந்த நேரத்தில் பல முடிகள் ஒன்றாக ஓய்வு நிலைக்குப் போய், பிறகு ஒன்றாக விழுகின்றன. ஊரை விட்டு, சாப்பாடு மாறி, தூக்கம் குறைந்து, கடன் கவலையோடு வந்து இறங்கியவருக்கு மூன்றாம் மாதம் முடி கொட்டினால் தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரியும். இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கும். நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லாருக்கும் இயல்பு.

குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்ல குளோரமின் சேர்க்கிறார்கள். அதனால் முடி கொஞ்சம் வறண்டதுபோலத் தோன்றலாம். வேரோடு முடியைப் பிடுங்கும் சக்தி அதற்கு இல்லை. எந்தக் கட்டியும் உதிர்வை நிறுத்தாது, என்னுடையதும் சேர்த்துத்தான். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

உருக்கி ஊற்றுகிற அடிக்கட்டி விற்கிறார்களே, அது சுலபமில்லையா?

சுலபம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கிளிசரின் சோப்பு. முன்பு சொன்ன காரப் பிரச்சினை அப்படியே இருக்கும். போதாததற்குக் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்த்து நிற்கும். கை கழுவ நல்லது.

கட்டி ஒரே வாரத்தில் குழைந்துபோகிறது.

எங்கே வைக்கிறீர்கள்? நம் வீடுகளில் குளிக்கும் இடமும் கழிப்பறையும் ஒன்றாகவே இருக்கும், தண்ணீர் தெறிக்காத மூலை கிடையாது. குளித்து முடித்ததும் கட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். அடியில் ஓட்டையுள்ள தட்டு போதும், நாரால் பின்னிய பையில் போட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இரண்டாக வெட்டி, ஒரு துண்டைப் பயன்படுத்தும்போது மற்றதைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு துண்டு. பொடுகு உள்ளவர் கட்டியை மற்றவர் பகிர வேண்டாம்.

இப்படி வைத்தால் 70 கிராம் கட்டி தோள்வரை முடி உள்ளவருக்குச் சுமார் 50 முறை வரும். இடுப்புவரை பின்னல் போடுகிறவர்கள் அந்தக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குப் போடலாமா?

கைக்குழந்தைக்கு வேண்டாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசனை எண்ணெய் சேர்க்காத கட்டியில் கையில் நுரை எடுத்துப் போடுங்கள். யூகலிப்டஸ், புதினா எண்ணெய்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. கண்ணில் பட்டால் எரியத்தான் செய்யும். தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட தலைக்குக் கட்டியே தேவையில்லை, சின்ன வெட்டுக் காயங்கள் ஆறும்வரை வெறும் தண்ணீர் போதும்.

நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள்?

இறங்குவதற்கு முன்பே தலையை நல்ல தண்ணீரில் நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும். ஏறியதும் கட்டி, கண்டிஷனர்.

ஊருக்குப் போகும்போது கைப்பையில் வைக்கலாமா?

தாராளமாக. திடப்பொருள் என்பதால் 100 மில்லிலிட்டர் திரவக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. நன்றாகக் காயவைத்துத் தகர டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு அடைத்தால் திருச்சியில் இறங்குவதற்குள் கூழாகிவிடும்.

நண்பர்கள் கேட்கிறார்கள். விற்கலாமா?

நண்பருக்குச் சும்மா கொடுப்பது வேறு, விற்பது வேறு. சிங்கப்பூரில் அழகுசாதனப் பொருளை விற்பனைக்கு வைப்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிப்புச் செய்ய வேண்டும். வீட்டில் செய்தது, சின்ன அளவு என்பதெல்லாம் விலக்கு ஆகாது. ஆசியான் நாடுகளுக்குப் பொதுவான அழகுசாதன விதிகள்தான் இங்கே 2007-ல் சட்டமாக வந்தன. சேர்த்த பொருட்களின் முழுப் பட்டியல், தயாரிப்பு எண், பொறுப்பாளர் விவரம் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். "முடி வளரும்", "உதிர்வது நிற்கும்" என்று எழுதக் கூடாது. வாட்ஸ்அப் குழுக்களில் சீயக்காய்க் கட்டி விற்பவர்கள் முதல் வரியிலேயே எழுதுவது அதைத்தான். விற்கும் எண்ணம் இருந்தால் ஒவ்வொரு முறையும் எதை எவ்வளவு போட்டீர்கள், பிஎச் என்ன வந்தது, எந்தத் தேதி என்பதை முதல் கட்டியிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யாருக்காவது அரிப்பு வந்து கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் அந்த நோட்டுதான் இருக்கும்.